குட்டி தரத் தயங்கியவர்: தெகிவளையில் ஒரு லாப்ரடோர் வளர்ப்பாளர் பற்றிய மதிப்புரை

தெகிவளையில் தன் வீட்டோடு லாப்ரடோர் நாய்களை வளர்த்து, ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் குட்டி விற்காத ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம், சென்ற ஆவணி மாதம் நாங்கள் ஒரு பெட்டைக் குட்டியை எடுத்தோம். மல்லி என்று பெயர் வைத்த அந்தக் குட்டிக்கு இப்போது பதினான்கு மாதம். வாங்கிய வாரமே மதிப்புரை எழுதாமல் இவ்வளவு காலம் பொறுத்ததற்குக் காரணம் உண்டு. எட்டு வாரக் குட்டி எங்கிருந்து வந்தாலும் அழகாகத்தான் இருக்கும். விற்றவரின் யோக்கியதை ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போன பிறகே தெரியவரும். அவர் விளம்பரம் செய்வதில்லை, தன் பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அதனால் எல்லோரும் அழைப்பதுபோல் நானும் டீச்சர் என்றே குறிப்பிடுகிறேன்.

அவரிடம் போவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், இணைய விளம்பரத்தைப் பார்த்து வேறோர் இடத்தில் ஒரு குட்டி வாங்கியிருந்தோம். விற்றவர் எங்களைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. ஒரு சந்தியில் காரை நிறுத்தி, காட்போட் பெட்டியோடு குட்டியைத் தந்துவிட்டுப் போனார். "இரண்டு மாதம் முடிந்துவிட்டது, ஊசி எல்லாம் போட்டாயிற்று" என்றார். நான்காம் நாள் குட்டி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. அன்றிரவே இரத்தத்தோடு கழியத் தொடங்கியது. மறுநாள் மிருக வைத்தியர் பரிசோதித்து, குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார். பிறகு அதன் வாயைத் திறந்து, பின்பக்கத்துப் பால்பற்கள் இன்னும் முழுமையாக முளைக்காததைக் காட்டி, இதற்கு ஐந்து வாரம், மிஞ்சினால் ஆறு வாரம்தான் இருக்கும் என்றார். எட்டு வாரமான குட்டிக்கு இருபத்தெட்டுப் பால்பற்களும் இருக்க வேண்டுமாம். ஆறாம் நாள் அது செத்துப்போனது. பார்வோ கிருமி உடலுக்குள் நுழைந்து நோயாக வெளிப்படச் சாதாரணமாக மூன்று முதல் ஏழு நாட்கள் எடுக்கும் என்பதால், அது எங்கள் வீட்டில் தொற்றியதா அந்தப் பெட்டியோடு வந்ததா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விற்றவரின் தொலைபேசி அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

இந்தக் கதையை நான் சொன்னபோது டீச்சர் அனுதாபப்படவில்லை. "தாயைப் பார்க்காமல் ஏன் தம்பி வாங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி அப்போது உறைத்தது.

முதல் நாள் அவர் எங்களுக்குக் குட்டிகளைக் காட்டவேயில்லை. கூடத்தில் உட்காரவைத்து, பிளேன்டீ தந்து, முக்கால் மணிநேரம் விசாரித்தார். வெள்ளவத்தையில் வாடகைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம் என்றதும் அவர் முகம் மாறியது. மின்தூக்கி இருக்கிறதா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மகளுக்கு என்ன வயது, விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனால் நாயை யாரிடம் விடுவீர்கள், மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்தீர்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை இவ்வளவு துருவவில்லை என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். கடைசியில், நாய் வளர்க்க வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தந்தால் மட்டுமே மேற்கொண்டு கதைக்கலாம் என்று எங்களைத் திருப்பி அனுப்பினார். கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்கள் கைவிடும் நாய்களில் பல, வீட்டுக்காரர் மறுத்ததால் தெருவுக்கு வந்தவை என்பது அவருடைய அனுபவம்.

அன்று அவர் வீட்டு மேசையின் கீழ் ஒரு கிழட்டுக் கடுவன் படுத்திருந்தது. அது அவரிடம் பிறந்து, ஒரு குடும்பத்துக்குப் போய், அந்தக் குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது ஏழு வயதில் அவரிடமே திரும்பி வந்ததாம். வாசலில் ஓட்டோ ஏதும் நின்றால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தாடையைத் தரையில் வைத்துக்கொண்டது. நம்மவர்கள் வெளிநாடு போகும்போது தளபாடத்தை விற்கவும் காணியை எழுதிக்கொடுக்கவும் மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். நாயைப் பற்றிய பேச்சு மட்டும் விமான டிக்கெட் கைக்கு வந்த பிறகே எழுகிறது. டீச்சரின் ஒப்பந்தத்தில் உள்ள மிக முக்கியமான வரி இதைப் பற்றியது: எந்தக் காரணத்தாலும், நாய்க்கு எந்த வயதானாலும், வைத்திருக்க முடியாமற்போனால் அதை அவரிடமே கொண்டுவந்து விட வேண்டும், விற்கவோ மற்றவருக்குக் கொடுக்கவோ கூடாது. பணம் திரும்பக் கிடைக்காது, ஆனால் ஏன் என்ற கேள்வியும் வராது. குட்டி போடவைத்து விற்பவர் ஒவ்வொருவரும் இந்த ஒரு வரிக்குக் கட்டுப்பட்டால், ஆண்டுக்கு எத்தனை ஈத்து எடுப்பது என்பதைத் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடிதத்தோடு இரண்டாம் முறை போனபோது குட்டிகளையும் தாயையும் பார்த்தோம். பின்விறாந்தையில் பழைய கதவுப் பலகைகளால் அடைத்த ஓர் இடம். உள்விளிம்பைச் சுற்றிச் சாண் உயரத்தில் ஒரு சட்டம். தாய் சுவரோரம் சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்கிக்கொள்ள அந்த இடைவெளியாம். டெட்டோல் நெடியும் இல்லை, மூத்திர நெடியும் இல்லை. தாய் எழுந்து வந்து எங்கள் கைகளை முகர்ந்துவிட்டு வாலை ஆட்டியது. அதற்கு நான்கு வயது, இது இரண்டாவது ஈத்து. இரண்டு வயதுக்கு முன்னர் சேர்க்கவிடுவதில்லை, மூன்று ஈத்துக்கு மேல் எடுப்பதில்லை, அதன் பிறகு கருத்தடை செய்து வீட்டு நாயாகவே வைத்துக்கொள்வது என்பது டீச்சரின் வழக்கம். ஒன்பது வாரச் சினைக்கும் எட்டு வாரப் பாலூட்டலுக்கும் பிறகு ஒரு பெட்டையின் உடம்பு என்ன ஆகிறது என்பதை அதன் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தால் தெரியும் என்று சொல்லி, என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். முதுகு முட்களை ஒவ்வொன்றாக எண்ணக்கூடியதாக இருந்தது. நன்றாகச் சாப்பிடும் நாய்க்கே இப்படியென்றால், ஒவ்வொரு பருவத்துக்கும் குட்டி போடவைக்கப்படும் நாய்களின் நிலையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சி.ஆர். கொப்பி ஒன்றில் குட்டிகளின் எடையைப் பிறந்த நாளிலிருந்து எழுதிவைத்திருந்தார். ஏழு குட்டிகளுக்கும் ஏழு நிற நூல்கள். எங்கள் குட்டி சிவப்பு நூல்: பிறந்தபோது 390 கிராம், பத்தாம் நாள் 810. இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்த திகதிகள் பக்கத்தில் இருந்தன. வட்டப்புழு பிறக்கும் முன்னரே தாயின் வயிற்றுக்குள் குட்டிகளைத் தொற்றிவிடும் என்பதால், குட்டி தெம்பாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதாம். ஆறாம் வாரத்தில் முதல் தடுப்பூசி. மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டும் வைத்தியரின் கையொப்பமும் அட்டையில் இருந்தன. "ஊசி எல்லாம் போட்டாயிற்று" என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் அது பொய் என்று அவர் விளக்கியதை இங்கே பதிவு செய்வது பயனுள்ளது. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடியது. அது எந்த வாரத்தில் தேயும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால்தான், பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எட்டு வாரக் குட்டிக்கு எல்லா ஊசியும் முடிந்திருக்க வழியே இல்லை.

குட்டியோடு இலங்கை நாய் வளர்ப்போர் சங்கத்தின் பதிவுப் பத்திரமும் தரப்படும். இந்தப் பத்திரத்தைப் பற்றி நம்மிடையே ஒரு மயக்கம் இருக்கிறது. அது குட்டியின் தாய் தகப்பன் யார் என்பதற்கு ஆதாரமே ஒழிய, ஆரோக்கியத்துக்கு உத்தரவாதம் அன்று. உடன்பிறப்புகளுக்கே பிறந்த குட்டிக்கும் வம்சாவளி எழுதலாம். லாப்ரடோரைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது இடுப்பு மூட்டின் எக்ஸ்ரே. இடுப்பு மூட்டுக் கோளாறு பெருமளவுக்குப் பரம்பரையாக வருவது, முழுமையாக வளர்ந்த நாயிடம் மட்டுமே சரியாகப் பார்க்கக்கூடியது. தாயின் எக்ஸ்ரேயை டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பந்தும் கிண்ணமும் பொருந்தும் இடம் எனக்கே புரிந்தது.

இங்கேதான் என் முதற்குறை. தகப்பன் வேறொருவரின் நாய். அதற்கு எக்ஸ்ரே எடுக்கப்படவில்லை. "பார்த்த நாய்தான், நன்றாக ஓடுகிறது" என்று அவர் சொன்ன பதில், தாய் விடயத்தில் அவ்வளவு கவனமாக இருந்தவரிடம் நான் எதிர்பார்த்தது அன்று. சாதாரணமாக ஓடும் நாய்க்கும் கோளாறு இருக்கலாம் என்று சொல்லித் தந்தவரே அவர்தான். படிப்படியாகக் கண்பார்வையைப் பறிக்கும் பரம்பரை நோய்க்கான மரபணுப் பரிசோதனையும் இரு பக்கத்திலும் செய்யப்படவில்லை. 85,000 ரூபாய் வாங்குபவர் இந்தச் செலவுகளை விலையில் சேர்த்திருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

இரண்டாவது குறை ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது. வாங்குபவர்களில் பாதிப்பேர் தமிழிலோ சிங்களத்திலோ வாசிப்பவர்கள் என்று அவரே சொல்கிறார். எங்களுக்கு அவர் வாயால் விளக்கினார் என்றாலும், கையெழுத்துப் போடும் தாளை எவரும் தம் மொழியில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முதற்பருவம் முடிந்து சில மாதங்களில் கருத்தடை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அதில் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுப்பதில்லை என்பதை மூன்றாவது குறையாக எழுத நினைத்தேன். எழுபது வயதை நெருங்கும் ஒருவரிடம் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் எழுதாவிட்டால் இந்த மதிப்புரை நேர்மையாகாது. மூட்டுகள் உறுதிப்படும்வரை குட்டியைப் படிகளில் இறங்கவிடக் கூடாது என்பது டீச்சரின் கண்டிப்பான உத்தரவு. மின்தூக்கி பழுதான ஐப்பசி மாதம் முழுவதும், பதினான்கு கிலோ மல்லியை நாளுக்கு நான்கு தடவை மூன்று மாடி தூக்கி இறக்கினேன். முதுகு வலிக்கு நான் பூசிய தைலத்தையும் அவள் நக்கப் பார்த்தாள். மரைன் டிரைவில் காலை ஆறரைக்குள் நடையை முடிக்க வேண்டும். ஒன்பது மணித் தாரில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால் நாயின் பாதம் என்ன படும் என்று விளங்கும். மூன்று மாதம் முடிந்ததும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டோம், இனி ஆண்டுதோறும் போட வேண்டும். நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் எங்கள் தொடர்மாடியில் உள்ள ஐந்து நாய்களில் மாநகர சபையில் பதிந்தது மல்லியை மட்டுமே.

எங்கள் தவறு உண்ணி விடயத்தில் நடந்தது. மாதாமாதம் கழுத்தில் விடும் சொட்டு மருந்தைப் பங்குனியில் மறந்துவிட்டோம். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு மல்லி சோர்ந்து படுத்தாள்; ஈறு வெளிறிப்போயிருந்தது. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று வந்தது. சரியான நேரத்தில் மருந்து கிடைத்ததால் பிழைத்தாள். டீச்சரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. காதின் உட்புறம், விரல்களின் இடுக்கு, கழுத்துப் பட்டியின் கீழ் என்று எங்கெங்கே தேட வேண்டும் என்று மகளுக்கு வட்ஸ்அப்பில் காணொளியாகக் காட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அவரிடமிருந்து "சொட்டு?" என்று ஒற்றைச் சொல்லில் செய்தி வருகிறது. குட்டியை எடுத்து ஒரு வருடம் ஆகியும் அது நிற்கவில்லை. ஏழு குட்டிகளின் வீட்டுக்கும் அனுப்புகிறாராம்.

சட்டத்தை நம்பி நாய் வாங்குவதற்கு இங்கே அதிகம் இல்லை. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். இன்று காலி வீதியில் ஒரு பிளேன்டீயும் வடையும் வாங்கினால் மீதி அதிகம் வராது. ஆகவே விற்பவரின் மனச்சாட்சியையும் வாங்குபவரின் கண்ணையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். தகப்பன் நாய்க்கும் எக்ஸ்ரே எடுத்தால் மற்ற ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பேன். அடுத்த ஈத்துக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தாய்க்கு இந்த வருடம் ஓய்வு என்பதால் குட்டிகள் வரும் ஆண்டுதான் கிடைக்கும். அந்தப் பக்கத்து மிருக வைத்தியர்களிடம் விசாரித்தால் வீட்டைச் சொல்வார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் கடிதத்தை முதல் நாளே கையோடு கொண்டுபோனால் ஓட்டோக் காசு மிச்சம்.