எக்ஸ்-மென் காமிக்ஸ்: 1975-இல் தொடங்குங்கள்

பிறவியிலேயே விசேஷ சக்திகள் கொண்ட நாயகர்களின் கதையான, மார்வலின் எக்ஸ்-மென் காமிக்ஸைப் படிக்கலாமென்று இருக்கிறேன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: முதல் இதழ் வேண்டாம். 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிவைத்த கதைகள் அவை, மரியாதை உண்டு, ஆனால் இத்தனை வருடமாக இந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் படிக்கிற எனக்கே அந்தப் பகுதி இழுவைதான். அப்போது விற்பனையும் சரியில்லாததால் 1970-க்குப் பிறகு 1975 வரை பழைய கதைகளையே மறுபதிப்பு போட்டு ஓட்டினார்கள்.

1975-இல் லென் வெய்ன் எழுதி டேவ் காக்ரம் வரைந்த 'ஜெயன்ட் சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழைப் பிடியுங்கள். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்க்ராலர், ரஷ்யாவிலிருந்து கொலோசஸ், கனடாவிலிருந்து வுல்வரின் என்று ஒருவருக்கொருவர் ஒத்துவராத ஒரு கூட்டம் அதில்தான் சேர்கிறது. அப்புறம் முதன்மைத் தொடரின் 94-ஆம் இதழிலிருந்து எழுத வந்த கிறிஸ் கிளேர்மான்ட் 1991 வரை, 16 வருடம் தொடர்ந்து எழுதினார். இந்தத் தொடரை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமே அதுதான்.

ஸ்டார்மையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய இடம் என்றால் அவளுக்கு ஏன் அவ்வளவு பயம், சிறுவயதில் கெய்ரோவில் இடிபாடுகளுக்குள் பெற்றோரின் உடல்களோடு சிக்கிக்கிடந்தவள் என்பதெல்லாம் 102-ஆம் இதழில் வருகிறது. 185-இல் சக்திகளை இழக்கிறாள். 201-இல், எந்தச் சக்தியும் இல்லாமலே குழுவின் முன்னாள் தலைவன் சைக்ளாப்ஸோடு மோதி ஜெயித்துத் தலைமையைப் பிடிக்கிறாள். கிட்டத்தட்ட பத்து வருடக் கதை இது, நூறு இதழ்களாக அவளோடு கூடவே வந்தவர்களுக்கு அந்த வெற்றி தங்கள் வீட்டு ஆள் ஜெயித்த மாதிரி இருக்கும்.

அதனால்தான் 'டார்க் ஃபீனிக்ஸ்' கதையை மட்டும் தனிப் புத்தகமாக வாங்கிப் படிக்கச் சொல்லும் பரிந்துரையை நான் ஏற்பதில்லை. ஜான் பைர்ன் ஓவியத்தில் 1980-இல் வந்த அது தொடரின் உச்சம், சந்தேகமே இல்லை. ஆனால் 101-ஆம் இதழில் ஃபீனிக்ஸாக மாறியதிலிருந்து, குழுவின் ஆரம்பகால உறுப்பினர் ஜீன் கிரேயைப் பின்தொடர்ந்து வந்து 137-ஆம் இதழைத் திறந்தால் அந்த முடிவு தாக்கும் விதமே வேறு.

குறைகளும் உண்டு. கிளேர்மான்ட் நிறைய எழுதுவார், சண்டைக்கு நடுவில் ஆளாளுக்குத் தங்கள் சக்தியை விளக்கிக்கொண்டிருப்பார்கள். தினம் ஓரிரண்டு இதழ் என்று படித்தால் உறுத்தாது. 1986-க்குப் பிறகு கதைகள் வேறு தொடர்களுக்குள்ளும் நீள்கின்றன, அங்கே சலித்தால் தாராளமாக நிறுத்திவிடலாம். போனில் வசனக் கட்டங்களைப் படிப்பது சிரமம், டேப்லெட் அல்லது அச்சுத் தொகுப்பு நல்லது.

இவ்வளவு நீளம் முடியாது, ஒரே ஒரு புத்தகம் சொல் என்றால் 1982-இல் வந்த 'காட் லவ்ஸ், மேன் கில்ஸ்'. மதத்தின் பெயரால் வெறுப்பை வளர்க்கும் ஒரு போதகரைப் பற்றிய முழுக்கதை, முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஜொனாதன் ஹிக்மன் 2019-இல் எழுதிய 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்', 'பவர்ஸ் ஆஃப் எக்ஸ்' இரண்டும் சேர்ந்து 12 இதழ்கள்தான், அபாரமாக இருக்கும், ஆனால் அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 96-ஆம் இதழில் வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவளாக மோய்ரா அறிமுகமானதைப் படித்துவிட்டு அங்கே போனால்தான், அவளைப் பற்றி ஹிக்மன் அவிழ்க்கும் முடிச்சு உங்களைத் தூங்கவிடாது.