டாஷ்போர்டுக்கான எல்இடி பல்புத் தொகுப்பு: டி10 நன்று, டி5 போதாது

பழைய கார்களின் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் இழை பல்புகளுக்கு மாற்றாக விற்கப்படும் எல்இடி தொகுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தி, இரவு ஓட்டத்தில் நன்றாகப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன். டாஷ்போர்டு விளக்கை எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்று அளப்பதைவிட, எவ்வளவு சீராகப் பரவுகிறது, எவ்வளவு குறைக்க முடிகிறது என்று அளப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

இழை பல்பு எல்லாத் திசைகளிலும் ஒளி வீசும். மீட்டர் பெட்டியின் வெள்ளை உட்சுவர்கள் அந்த ஒளியை வாங்கி முகப்பு முழுவதும் பரப்பும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. இத்தொகுப்பின் டி10 என்னும் பெரிய அளவுப் பல்பில் பக்கங்களில் நான்கும் முனையில் ஒன்றுமாக ஒளி உமிழும் சிப்கள் இருப்பதால், ஸ்பீடோமீட்டரின் எண்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே அளவில் தெளிவாகத் தெரிகின்றன. டி5 என்னும் சிறிய அளவுப் பல்பிலோ முனையில் மட்டுமே சிப் உள்ளது. அதனால் எரிபொருள் மீட்டரில் பல்புக்கு நேர் எதிரே ஒரு வெண்புள்ளி கண்ணைக் குத்துகிறது. முள் நிற்கும் ஓரமோ இருண்டு கிடக்கிறது.

நிறத்திலும் கவனம் தேவை. 6000 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அலகு) அளவிலான குளிர்வெள்ளை ஒளியில் சிவப்புக் கூறு குறைவு என்பதால், ஆரஞ்சு முட்கள் முன்பிருந்த துடிப்பை இழந்து வெளிறுகின்றன. 4000 கெல்வினை ஒட்டிய வகை இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். நெடுஞ்சாலை இருட்டில் கண்ணுக்கும் அதுவே இதம். முகப்பின் பின்புறம் பச்சையோ நீலமோ பூசப்பட்டிருந்தால், வெள்ளை எல்இடி போட்டாலும் அந்தச் சாயல் போகாது.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் குமிழோடு இது ஒத்துப்போகாததுதான். மின்னழுத்தம் குறையக் குறைய இழை பல்பு படிப்படியாக மங்கும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் தேவைப்படும் மூன்று சிப்களைத் தொடராக இணைத்த எல்இடி, 9 வோல்ட்டை நெருங்கியதும் சட்டென்று அணைந்துவிடுகிறது. குமிழைத் திருப்பினால் கிடைப்பது பெரும்பாலும் முழு வெளிச்சம் அல்லது இருட்டு. நடுவில் நிறுத்துவதற்கான இடம் மிகக் குறுகியது.

வெப்பத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. 5 வாட் இழை பல்பு இருந்த இடத்தில் மிகக் குறைந்த மின்சாரமே செலவாவதால், பிளாஸ்டிக் ஹோல்டர்கள் சூடேறி நொறுங்கும் தொல்லை குறையும். பொருத்துவதும் எளிது: பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு பல்புகளை மாற்றி, மீட்டரை மூடுவதற்கு முன் மீண்டும் இணைப்புக் கொடுத்து எரியவைத்துப் பார்க்க வேண்டும். எரியாத பல்பைக் கழற்றித் திருப்பிச் செருகினால், பாசிட்டிவ் நெகட்டிவ் சரியாகிப் பெரும்பாலும் எரிந்துவிடும்.

இத்தொகுப்பின் உறையில் அச்சிட்டிருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று இல்லை என்பது வருத்தத்துக்குரியது. பல பழைய கார்களில் பேட்டரி சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் பல்பின் வழியாகத்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் மின்னாக்கியான ஆல்டர்நேட்டருக்குத் தொடக்க மின்னோட்டம் செல்கிறது. அதை எல்இடியாக மாற்றினால் அந்த மின்னோட்டம் போதாமல் பேட்டரி சார்ஜ் ஏறாமலே போகலாம். ஆகவே எச்சரிக்கை விளக்குகளைத் தொடாமல், முகப்பு வெளிச்சத்துக்கான டி10 பல்புகளை மட்டும் தனியாக வாங்குவதையே பரிந்துரைக்கிறேன்.