மரத்தில் கட்டுவது கண்ணையா, காதையா? ஆனைமலைக் காட்டுக்கு ஓர் ஒப்பீடு

பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கத்தில் இயற்கை மன்றம் நடத்துகிறவர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: தானியங்கிக் கேமரா வாங்கலாமா, ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாமா? மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. காட்டை அறிந்த ஒருவரோடு விடியற்காலையில் நடந்து, காதால் கேட்டு, நோட்டில் எழுதுவது. அதற்கு ரசீது கிடையாது என்பதாலோ என்னவோ, அதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. மூன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். எனக்குக் கருவிகள் மேல் ஆசை அதிகம். அப்படியிருந்தும் தீர்ப்பு முழுதாகக் கருவியின் பக்கம் விழவில்லை.

கேமராவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது புலி. புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் செய்து காட்டியதுபோல, வரியை வைத்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியாக அடையாளம் காணலாம், எண்ணிக்கை கிடைக்கும். 2018 அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3.48 கோடிக்கு மேல். அவற்றில் புலி இருந்தவை 76,651. எத்தனை புலி என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் மேலே படிக்க வேண்டாம், கேமராவே வாங்குங்கள். ஒலிப்பதிவு அதற்கு உதவாது.

ஆனால் ஆனைமலையின் மழைக்காட்டில் பாதி உயிர் தரையில் இல்லை. சோலைமந்தி, கருமந்தி, மலை அணில், இருவாச்சி எல்லாம் மேலே, கிளைக்கூரையில். இடுப்பு உயரத்தில் மரத்தில் கட்டிய கேமரா காட்டெருமையின் வயிற்றைப் படம் பிடிக்கும். தலைக்கு மேலே முப்பது மீட்டரில் நடக்கும் எதுவும் அதற்குத் தெரியாது. இன்னொன்று: இந்தக் கேமராக்களை இயக்குவது உடல் சூடும் அசைவும். சுற்றுப்புறத்தின் குளிர்ச்சியிலேயே இருக்கும் தவளை முன்னால் வந்து உட்கார்ந்தாலும் அது கண்டுகொள்ளாது. தவளைவாயன் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் காய்ந்த சருகுபோல ஒரே கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அது காட்டில் இருப்பதை நமக்குச் சொல்வது இருட்டியபின் எழுப்பும் குரல் மட்டுமே.

தவளைகளில்தான் ஒலிப்பதிவு மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிறது. இடுக்கி மாவட்டத்தில் கண்டெடுத்து 2003ல் அறிவியலுக்கு அறிமுகமான ஊதாத் தவளை, ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கிறது. முதல் பெருமழைக்கு இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் வெளியே வரும். அதற்கு முன் ஆண் தவளை மண்ணுக்கு அடியிலிருந்தே கூப்பிடும். எந்த இரவில் மழை இறங்கும் என்று தெரியாமல் ஓடைக்கரையில் காத்துக்கிடக்க எத்தனை பேரால் முடியும்? அட்டைக்கடி வேறு. கருவிக்கு அட்டை ஒரு பொருட்டில்லை. புதர்த்தவளைகளும் இப்படித்தான், உருவத்தில் குழப்பும் இனங்களைக் குரலை வைத்துப் பிரிப்பது எளிது.

இருந்தாலும் இதற்கும் எல்லை உண்டு. பத்துக் கூவல் பதிவானால் அது பத்துத் தவளையா, ஒரே தவளை பத்துமுறை கூவியதா என்பதை ஒற்றை மைக்கால் சொல்ல முடியாது. வாய் திறக்காத பிராணி பதிவில் இல்லாத பிராணி. யானையின் தாழ்குரல் கதை தனி. 1984ல் ஆய்வாளர் கேட்டி பெய்ன் ஓர் அமெரிக்க உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளிடம் கவனித்த அந்த உறுமல் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை இருக்கும், நம் காதுக்கு ஏறக்குறைய எட்டாது. சாதாரணச் சிறு கருவிகளின் மைக்கும் அந்த ஆழத்தில் தடுமாறும். வால்பாறையில் யானை ஊருக்குள் வருவதை அறிய ஒலிப்பெட்டி வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அங்கே ஏற்கெனவே பயன்பட்டுவரும் குறுஞ்செய்தியும் சிவப்பு எச்சரிக்கை விளக்கும் எவ்வளவோ மேல் என்பேன்.

இனி நடந்து கேட்பவர். இவரைக் குறைவாக எடை போடுவது நம் பழக்கமாகிவிட்டது. இருவாச்சியின் கூடு எங்கே என்று கேளுங்கள். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போகும். வானத்தில் சிறகடித்துப் போகும் ஒலியைக் கருவி பதிவு செய்யும், சரி. எந்த மரம், எந்தப் பொந்து, போன வருடம் கூட்டில் குஞ்சு பிழைத்ததா என்பதைச் சொல்ல ஆள் வேண்டும். மளுக்கப்பாறை தாண்டி அதிரப்பள்ளி போகும் வழியில் உள்ள வாழச்சால் காட்டில், இருவாச்சிக் கூடுகளைக் கவனித்துக் காப்பவர்கள் காடர் பழங்குடி மக்கள். அந்த வேலைக்கு மாற்றாக எந்தப் பெட்டியும் இன்னும் வரவில்லை. ஆனால் மனிதக் காதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் கேட்டதும் அவரோடு போய்விடும். பதிவு அப்படியல்ல. இன்று யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு குரலைப் பதினைந்து வருடம் கழித்து வேறொருவர் போட்டுக் கேட்டு, இது இன்னது என்று சொல்ல முடியும்.

எந்தப் பெட்டி

ஒலிப்பதிவுதான் என்று முடிவானால் பெரும்பாலோர் வந்து நிற்பது இரண்டு பெயர்களில்: ஆடியோமாத், சாங் மீட்டர். முதலாவது இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. கருவியின் வடிவமைப்பும் மென்பொருளும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, மூன்று பென்சில் பேட்டரியில் ஓடும், விநாடிக்கு 3,84,000 மாதிரி வரை எடுக்கும், அதாவது ஒலியை அத்தனை முறை அளக்கும், நம் காதுக்கு எட்டாத உச்சக் குரலும் சிக்கும் என்பதால் வௌவாலுக்கும் ஆகும். ஒரு சாங் மீட்டர் வாங்கும் காசில் இதைப் பல வாங்கலாம்.

மழைதான் சிக்கல். சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆடியோமாத்தை வெறும் மின்சுற்றுப் பலகையாக வாங்கி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டுக் கட்டுகிறவர்கள் உண்டு. கோடையில் பரவாயில்லை. ஆடி மாதத்தில் பை மேல் விழும் மழைத்துளிதான் பதிவு முழுக்கக் கேட்கும். அதற்கென்றே விற்கும் நீர்புகா உறையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் போய்விடுவதும் ஒரு தொல்லை. கைபேசியிலிருந்து ஓர் ஓசை எழுப்பி நேரத்தை மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். சாங் மீட்டர் மினி, அமெரிக்காவின் வைல்ட்லைஃப் அகவுஸ்டிக்ஸ் நிறுவனத்தினுடையது, வாங்கும்போதே மழைக்குத் தயாராக வருகிறது. ப்ளூடூத்தில் செட்டிங் மாற்றலாம். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் விட்டுவைக்க அது. பல இடங்களை ஒரே சமயத்தில் ஒப்பிட ஆடியோமாத். மாணவர்கள் கையில் என்றால் யோசிக்காமல் ஆடியோமாத்தைச் சொல்வேன். ஒன்று தொலைந்தால் வயிறு அதிகம் எரியாது.

பதிவை உடனுக்குடன் அனுப்பும் ரகமும் உண்டு. ரெயின்ஃபாரஸ்ட் கனெக்‌ஷன் என்ற அமைப்பு, பழைய கைபேசிகளோடு சோலார் தகடு சேர்த்து மர உச்சியில் வைத்து, இந்தோனேசியா போன்ற நாடுகளில் மரம் அறுக்கும் ரம்ப ஓசையைப் பிடித்தது. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் ஆடியோமாத்தை வைத்தே துப்பாக்கிச் சத்தத்தைக் கண்டறிந்திருக்கிறார்கள். நம் பக்கம் இவை எடுபடுமா? கொண்டை ஊசி வளைவு ஒன்று திரும்பினால் சிக்னல் போய்விடும் ஊர் இது. அதோடு யானையை விரட்ட எஸ்டேட்டில் வெடிக்கும் பட்டாசும் தீபாவளியும் எத்தனை பொய் எச்சரிக்கை கொடுக்கும் என்று யோசித்தால் போதும்.

கேட்பது யார்

பெட்டியின் விலையைப் பேசிவிட்டு எல்லோரும் மறப்பது இதை. கணக்கு எளிது. விநாடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட், ஒரே மைக் என்றால் நிமிடத்துக்கு 5.76 எம்பி, நாளுக்கு 8.3 ஜிபி. பத்துக் கருவி ஒரு மாதம் இடைவிடாமல் ஓடினால் சுமார் 2.5 டெராபைட், அதாவது 7,200 மணி நேரம். ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்டால் 900 நாள். பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம் மட்டும் பதியச் சொன்னால் அது 90 நாளாகச் சுருங்கும், ஒரு கருவிக்கு 64 ஜிபி நினைவக அட்டை ஒன்று இரண்டரை மாதம் தாங்கும். பறவைகளுக்கு அது போதும். சில நிமிடம் மட்டும் கூவி அடங்கும் பிராணிக்குப் போதாது. அதற்கு அந்தப் பொழுதை மட்டும் குறிவைத்து இடைவிடாமல் பதிய வேண்டும்.

ஆந்திரத்தில் கடப்பைப் பக்கத்துப் புதர்க்காட்டில் வாழும் ஜெர்டான் கல்குருவி இதற்கு நல்ல பாடம். 1900க்குப் பிறகு காணாமல்போய் 1986 ஜனவரியில் மறுபடி கிடைத்த பறவை. அதைத் தேடியவர்கள் மண்ணைச் சமன்படுத்திக் காலடி பதிய வைத்தார்கள், கேமரா வைத்தார்கள், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பதில் வருகிறதா என்றும் பார்த்தார்கள். அந்தி சாய்ந்ததும் கொஞ்ச நேரம்தான் அது கூவும். மூன்று வழியும் ஒன்றுக்கொன்று போட்டியாக இல்லாமல் ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்தது.

கணினியே கேட்காதா? கேட்கும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய பேர்ட்நெட் என்ற மென்பொருள், பதிவை மூன்று மூன்று விநாடியாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பறவைப் பெயரும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண்ணும் கொடுக்கும். இதில் இரண்டு பள்ளங்கள். 0.8 என்றால் எண்பது சதவீதம் சரி என்று படிக்கக் கூடாது. ஒரு பறவைக்கு 0.5 நம்பத்தக்கதாக இருக்கும், இன்னொன்றுக்கு 0.9கூடப் பிதற்றலாக இருக்கும். இனத்துக்கு இனம் சில பதிவுகளைக் காதால் கேட்டுச் சரிபார்த்தபின்தான் எல்லை வகுக்க முடியும். இன்னொரு பள்ளம் நம் துடுப்புவால் கரிச்சான். பாம்புக்கழுகுபோலக் கத்தும், மலை அணில்போலக் கிறீச்சிடும். கணினி பாம்புக்கழுகு என்று எழுதிவைத்த இடத்தில், காட்டோடு பழகிய வாட்சர் அண்ணன் ஒருவர் கேட்டமாத்திரத்தில் “இது கரிச்சான் வேலைங்க” என்பார்.

இனமே பார்க்காமல் ஒலியின் அடர்த்தியை எண்ணாக்கிக் காட்டின் நலத்தைச் சொல்லும் குறியீடுகளும் உண்டு. சில்வண்டு ஒன்று தொண்டையைத் திறந்தால் அந்த எண் எகிறிவிடும். நான் அவற்றைப் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் ஒரே கருவி, ஒரே அட்டவணை, ஒரே பருவம் என்று கட்டுப்படுத்தி ஒப்பிட்டால் பயன் உண்டு. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை இருபது வருடத்துக்கும் மேலாக நட்டு மீட்டுவரும் சோலைத் துண்டுகள், தானாக வளர விட்ட துண்டுகள், கைபடாத மழைக்காடு என மூன்றிலும் கருவி வைத்து ஒப்பிட்ட ஆய்வு அப்படிச் செய்யப்பட்டதுதான். ஒரே ஆள் அத்தனை இடத்திலும் ஒரே விடியலில் நிற்க முடியாது; கருவி நிற்கும்.

எனவே கையில் இருக்கும் காசுக்கு என் பங்கீடு இது: பாதிக்கு மேல் கேட்பவருக்கு. நாலைந்து ஆடியோமாத் போதும். மிச்சப் பணத்தில் காடர் குடியிருப்பிலோ எஸ்டேட்டிலோ குரல் தெரிந்த இருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, கணினி பிரித்துக் கொடுத்ததைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கூடுதல் கருவிக்கு நன்கொடை கேட்டால் எளிதில் கிடைக்கும். சம்பளத்துக்குக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதற்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேரளத்தில் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குள் போகத் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். காடு ஒன்று, வனத்துறை இரண்டு. இரு மாநில அனுமதிக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், அதற்கே ஒரு பருவம் போய்விடலாம் என்பதால் மழைக்கு முன்பே தொடங்குங்கள்.

கடைசியாக, கருவி மனிதக் குரலையும் பதியும். கார்பெட் புலிகள் காப்பகத்தைப் பற்றி 2024ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று, கேமராவில் விழுந்த ஒரு பெண்ணின் படம் ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றியதையும், காட்டுக்குள் பாடிக்கொண்டே போகும் பெண்கள் கருவிக்குப் பயந்து குரலை அடக்கிக்கொண்டதையும் எழுதியது. அந்தப் பாட்டு அவர்களுக்கு யானை, புலியிடமிருந்து காப்பு. விறகுக்கும் தேனுக்கும் ஆள் நடக்கும் தடத்தில் பெட்டி கட்டுவதற்கு முன் குடியிருப்பில் கூட்டம் போட்டு, எந்த மரம், எத்தனை நாள், பேச்சு பதிவானால் யார் எப்போது அழிப்பார் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் வேறு மரம் பாருங்கள்.