கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டை

அப்பாவுக்கு ஈரல் ரத்தக்குழாயில் ஷன்ட் ஒபரேஷன், அதாவது ரத்தம் ஈரலைச் சுற்றிப் போக மாற்றுவழி போடும் ஒபரேஷன், நடந்து 3 மாதமாகிறது. ரத்த வாந்தியை நிறுத்தியது டொக்டர்மாரின் கை. அப்புறம் அவரைத் தேற்றியது கட்டில் தலைமாட்டில் தொங்கிய ஒரு அட்டை என்றே சொல்வேன்.

முன்பு இருந்த வேறொரு ஆஸ்பத்திரியில் காலை மிஸ்ஸி (தாதி) ஒன்று சொல்வார், இரவு மிஸ்ஸி இன்னொன்று. இந்த வார்டில் யார் டியூட்டிக்கு வந்தாலும் அந்த அட்டையில் இருக்கும் அதே வரிசைதான்: காய்ச்சல், பிரஷர், காலையில் நிறை, தொப்புளுக்கு நேராக நாடா பிடித்து வயிற்றுச் சுற்றளவு. பிறகு, "ஐயா, ரெண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மேல மடக்குங்க" என்பார்கள். விரல்கள் படபடவென்று அடித்தால் மூளையை நஞ்சு தாக்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் போகாமல் சுற்றிப் போவதால் வரும் சிக்கல் அது. அதற்குத்தான் லக்டுலோஸ் பாணி. நாளைக்கு 2, 3 தடவை மலம் இளக்கமாகப் போக வேண்டும். ஷன்ட் அடைபடவில்லையா என்று பார்க்க டொப்ளர் ஸ்கேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அதே அட்டையைத் தமிழில் தந்தார்கள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. இப்போது தோட்டத்து லயத்து வீட்டில் அம்மா தையல் நாடாவால் அளந்து கலண்டரில் எழுதி வைக்கிறார். மலம் கறுத்தாலோ பேச்சு குழறினாலோ உடனே போக வேண்டும். மேல்வலிக்கு டிக்ளோபெனக் என்ற வலி மருந்து கூடவே கூடாது.

ஒரே குறை, கிளினிக் நம்பர் விடியற்காலையிலேயே முடிந்துவிடுகிறது. ஹட்டனில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் கிடைப்பதில்லை. தோட்டத்து ஆட்களுக்கென்று பத்து நம்பர் ஒதுக்கி வைக்கலாம்.