முதல் திருமணப் படப்பிடிப்பு: கிட் லென்ஸா, 50 மி.மீ. பிரைமா, வாடகை எஃப்/2.8 ஜூமா?

வீட்டில் ஒருவர் நல்ல கேமரா வைத்திருக்கிறார், கோயில் திருவிழாவையும் குழந்தைகளையும் அழகாகப் படமெடுக்கிறார் என்று உறவினர்களுக்குத் தெரிந்துவிட்டால், என்றாவது ஒருநாள் ஒரு கல்யாணத்தைப் படமெடுக்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்துவிடும். அவரிடம் இருப்பது பெரும்பாலும் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (படத்தைப் பதியும் நடுத்தர அளவுப் பகுதி) கொண்ட ஒரு கேமராவும், அதனுடன் சேர்த்து விற்கப்படும் 18-55 மி.மீ. கிட் லென்ஸும்தான். அந்தக் கிட் லென்ஸோடு ஒரு பிளாஷ் மட்டும் வாங்கிச் சமாளிப்பதா, குறைந்த விலைக்குக் கிடைக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 பிரைம் (ஜூம் செய்ய முடியாத) லென்ஸை வாங்கிக்கொள்வதா, எஃப்/2.8 ஜூம் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுப்பதா என்ற மூன்று வழிகள் அவர் முன்னால் இருக்கின்றன. மி.மீ. எண் சிறியதாக இருந்தால் காட்சி அகலமாகும், எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாலி கட்டும் படத்துக்கு அந்த மண்டபத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை என்றால் வாடகை ஜூமை எடுங்கள். தொழில்முறைப் படக்கலைஞர் ஒருவர் ஏற்கெனவே அமர்த்தப்பட்டிருந்தால் 50 மி.மீ. போதும், சொல்லப்போனால் அதுவே மேல்.

லென்ஸ்களை ஒப்பிடுமுன் முகூர்த்த மேடை படமெடுப்பவரிடம் என்ன கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். முகூர்த்தம் காலை 6 மணி முதல் 7:30 மணி வரை என்று பத்திரிகையில் அச்சிட்டிருந்தாலும், படத்துக்கு உரிய பகுதி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தாலியைத் தட்டில் தேங்காய்மீது வைத்து அவையோரிடம் ஆசிபெற எடுத்துச் செல்வார்கள். அந்தத் தட்டு மேடைக்குத் திரும்பி வரும்போதே படமெடுப்பவர் தம் இடத்தில் நின்றிருக்க வேண்டும். புரோகிதர் கையை உயர்த்தியதும் கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை குனிகிறார், நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்காகப் பின்னால் வந்து நிற்கிறார், பெரியவர்கள் அட்சதையோடு முன்னால் நெருங்குகிறார்கள். வீடியோக்காரர் நடுவிலும், ஓமகுண்டமும் தாம்பாளங்களும் சுற்றிலும் இருப்பதால், உங்களுக்குக் கிடைப்பது மணமக்களிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி ஒரு பக்கவாட்டு இடம்தான். அங்கிருந்து பின்வாங்கவும் முடியாது, முன்னால் போகவும் முடியாது.

இந்த 2 மீட்டர்தான் மூன்று லென்ஸ்களையும் பிரித்துக் காட்டும் அளவுகோல். ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. அதில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி 2 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் படத்துக்குள் அடங்கும் அகலம் 94 செ.மீ. மட்டுமே. மணமகளின் முகமும் மாப்பிள்ளையின் கைகளும் அடங்கும். ஆனால் நாத்தனார் பாதியில் வெட்டுப்படுவார், கன்னிகாதானம் செய்து கொடுத்த பெற்றோர் படத்திலேயே இருக்கமாட்டார்கள். அதே இடத்திலிருந்து 18 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 2.6 மீட்டர் அகலத்தைக் காட்டும். அவ்வளவு இருந்தால் மேடையில் அந்தச் சடங்கில் பங்குகொள்ளும் அனைவரும் அடங்கிவிடுவார்கள். ஜூம் வளையத்தைத் திருப்பியதும், நின்ற இடத்தை மாற்றாமலே முடிச்சுக்கு நெருங்கிவிடலாம். பிரைம் லென்ஸ் வைத்திருப்பவர் காலால் நடந்து சட்டகத்தை மாற்ற வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். அது நல்ல பயிற்சிதான், ஆனால் கெட்டிமேளம் முழங்கும் நேரத்தில் மேடையில் நடப்பதற்கு இடமே கிடையாது.

முதல்நாள் மாலை வரவேற்பில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். மேடையில் பத்துப் பேர் வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு 5 மீட்டர் அகலமாவது தேவை. அதற்கு 18 மி.மீ. லென்ஸோடு 4 மீட்டர் தள்ளி நின்றால் போதும், 50 மி.மீ. லென்ஸோடு 10 மீட்டருக்கு மேல் பின்வாங்க வேண்டும். அந்த 10 மீட்டரில் நாற்காலிகளும், பரிசுப் பொருளோடு வரிசையில் நிற்பவர்களும், பாட்டுக் கச்சேரிக் குழுவின் ஒலிபெருக்கிகளும் இருக்கும்.

அகலத்தில் கிட் லென்ஸும் எஃப்/2.8 ஜூமும் சமம் என்றால் வாடகை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. விடை வெளிச்சத்தில் இருக்கிறது. மேடையில் எஃப்/2.8, 1/100 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600 என்ற அமைப்பில் முகம் சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிட் லென்ஸின் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) 18 மி.மீ. முனையில் எஃப்/3.5 ஆக இருப்பதால் ஐஎஸ்ஓ 2500 போதும், வேறுபாடு பெரிதில்லை. ஆனால் முடிச்சை நெருங்கிக் காட்ட 55 மி.மீ. முனைக்குப் போனதும் அபெர்ச்சர் எஃப்/5.6 ஆகச் சுருங்கி, வெளிச்சம் எஃப்/2.8 இல் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ 6400 தேவைப்படும். அந்த அளவில் பட்டுப்புடவையின் ஜரிகை நுணுக்கமும் முகத்தின் இயல்பான தோல் நயமும் கரையத் தொடங்கும். ஜூம் செய்யும்போது அபெர்ச்சர் தானாக மாறுவது, மேனுவல் முறையில் (அளவுகளைத் தாமே அமைத்து) எடுக்கும் புதியவருக்கு இன்னொரு தொல்லையாகவும் அமையும், ஏனெனில் அகலப் படம் சரியாக வந்து நெருக்கப் படம் இருண்டுபோகும். எஃப்/2.8 ஜூம் எல்லா முனையிலும் அதே வெளிச்சத்தைத் தருவதால், முகூர்த்தத்துக்கு முன்பே வெளிச்ச அளவை ஒருமுறை நிறுத்திவிட்டு, கவனம் முழுவதையும் மணமக்கள்மீது வைத்திருக்கலாம். வாடகைப் பணம் முக்கியமாக இந்த நிம்மதிக்குத்தான் போகிறது என்பேன்.

வெளிச்சத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் பிரைம் லென்ஸ்தான் முதலிடம். எஃப்/1.8 இல் ஐஎஸ்ஓ 640 அளவிலேயே அந்தப் படத்தை எடுத்துவிடலாம். அதற்குக் கொடுக்கும் விலை ஃபோகஸ் ஆழத்தில் தெரிகிறது. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோடு 2 மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 11 செ.மீ. மட்டுமே. தாலி கட்டக் குனியும் மாப்பிள்ளையின் முகத்துக்கும் மணமகளின் முகத்துக்கும் இடையே அதைவிட அதிக இடைவெளி இருக்கும் என்பதால், இருவரில் ஒருவர் கட்டாயம் மங்கிப்போவார். எஃப்/2.8 இல் இந்த ஆழம் 18 செ.மீ. ஆகிறது. அதுவும் தாராளமன்று, ஆனால் ஜூமைச் சற்று அகலப்படுத்தியதும் ஆழம் விரைவாகக் கூடுகிறது. பிரைமில் எஃப்/2.8, எஃப்/4 என்று சுருக்கிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். சுருக்கிவிட்டால் அதை வாங்கியதற்கான காரணமே போய்விடுகிறது.

பிளாஷ் போடுவதா, மண்டபத்து வெளிச்சத்திலேயே எடுப்பதா என்பது லென்ஸைப் போலவே முக்கியமான கேள்வி. அண்மைக்காலத்தில் கேண்டிட் (போஸ் இல்லாத இயல்பான) படங்கள்மீது ஏற்பட்ட விருப்பத்தால், பிளாஷே கூடாது என்று நினைக்கும் புதியவர்கள் பெருகிவிட்டார்கள். இதில் நான் உடன்படவில்லை. வெறுப்புக்குரியது நேராக முகத்தில் அடிக்கும் பிளாஷ்தான். அது நகைகளிலும் ஜரிகையிலும் வெண்புள்ளிகளை உண்டாக்கும், வியர்த்த நெற்றியைப் பளபளக்க வைக்கும், பின்புலத்தை இருளாக்கும். பிளாஷின் தலையைத் திருப்பி வெண்மையான கூரையிலோ சுவரிலோ தெறிக்கவிட்டால், அதே ஒளி சாளரத்து வெளிச்சம் போல மென்மையாக இறங்கி வரும். இது கூரையைப் பொறுத்தது. மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் வெள்ளைக் கூரை உள்ள ஊர்ப்புறச் சமுதாயக் கூடங்களில் மிக நன்றாக அமையும். மாடி உயரத்துக்கு எழும்பிய பெரிய ஏசி மண்டபங்களிலும், மஞ்சளோ சிவப்போ துணி கட்டி மேற்பகுதியை அலங்கரித்த மேடைகளிலும் ஒளி வழியிலேயே தேய்ந்துபோகும், இல்லையென்றால் துணியின் நிறத்தை முகத்தில் பூசிவிடும். ஆகவே முதல்நாளே மண்டபத்துக்குப் போய் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு வருவது எந்தக் கருவியை வாங்குவதைவிடவும் பயனுள்ளது.

ஓமப்புகை எழும் நேரத்தில் பிளாஷை அணைத்துவிட வேண்டும். கேமராவுக்கு அருகிலிருந்து புறப்படும் ஒளி புகையில் பட்டுத் திரும்புவதால் படம் முழுவதும் வெண்திரை விழும். அப்போது எஃப்/2.8 அல்லது எஃப்/1.8 மட்டுமே கைகொடுக்கும். கிட் லென்ஸும் பிளாஷும் என்ற வழி தோற்கும் இடம் இது. மாறாக, அட்சதை தூவும் நொடியில் பிளாஷ்தான் வெல்லும். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் துலங்குவதால், அதிக ஷட்டர் வேகத்தில் படங்களில் பட்டை விழக்கூடும். அதைத் தவிர்க்க 1/100 நொடியில் எடுத்தால், விழும் அரிசி கோடாக இழுபடும். அவ்வேளையில் பிளாஷின் மிகச் சிறிய ஒளித்துடிப்பு அரிசியை ஓரளவு நிறுத்திக் காட்டும். மேடையில் வீடியோக்காரரின் விளக்கு மஞ்சளாக இருந்தால், பிளாஷுக்கு முன்னால் ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முகம் ஒரு நிறமும் பின்புலம் இன்னொரு நிறமுமாக நின்று, அதைக் கணினியில் சரிசெய்வது பெரும்பாடாகிவிடும். நான்கு பென்சில் பேட்டரிகளில் இயங்கும் பிளாஷ்கள் கூரைக்கு அடிக்கும்போது அடுத்த படத்துக்குத் தயாராகச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். கோடாக்ஸ் வி860 போன்ற லித்தியம் பேட்டரி பிளாஷ்கள் முழு விசையிலும் ஏறத்தாழ 1.5 நொடியில் தயாராகிவிடுவதால், லென்ஸோடு அதையும் வாடகைக்கு எடுப்பது நல்லது.

வாடகைக் கடையில் எந்த ஜூமைக் கேட்பது என்பதில் கவனம் தேவை. திருமணப் படக்கலைஞர்கள் அனைவரும் 24-70 மி.மீ. பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையே கேட்பது ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவருக்குப் பொருந்தாது. அது ஏபிஎஸ்-சியைவிடப் பெரிய முழுச்சட்டக சென்சாருக்கு உரிய லென்ஸ், ஏபிஎஸ்-சியில் 36-105 மி.மீ. போலத்தான் நடந்துகொள்ளும். 2 மீட்டரில் 1.96 மீட்டர் அகலம்தான் கிடைக்கும், எடையும் கேனானின் இரண்டாம் பதிப்பில் 805 கிராம். ஏபிஎஸ்-சிக்கென்றே செய்யப்பட்ட சிக்மா 17-50, கேனான் 17-55, சோனி கேமராவுக்கான டாம்ரான் 17-70, கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களுக்கான சிக்மா 18-50 ஆகிய எஃப்/2.8 லென்ஸ்களில் உங்கள் கேமராவுக்குப் பொருந்துவதைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது 290 கிராம் மட்டுமே என்பதால், விடியற்காலையிலிருந்து பந்தி முடியும்வரை கழுத்தில் தொங்கினாலும் தெரியாது. முழுச்சட்டகக் கேமராவையே வாடகைக்கு எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பொத்தான்களின் இடம் விரலுக்குப் பழகாத கேமராவோடு முகூர்த்த மேடையில் நிற்பது, அது தரும் கூடுதல் தரத்தைவிடப் பெரிய ஆபத்து. லென்ஸ் புதிதாக இருக்கலாம், கேமரா பழகியதாகவே இருக்கட்டும். வாடகைக் கேமரா எடுப்பதானால் உங்களிடம் உள்ள அதே மாடலை, ஒன்று பழுதானால் மற்றொன்று என்ற எண்ணத்தோடு எடுங்கள்.

கோப்பு வகையில் நெடிய விவாதம் தேவையில்லை, ரா முறையில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிநிலைகள் உண்டு, ஜேபெக்கில் 256 மட்டுமே. மஞ்சள் விளக்கும் பிளாஷும் கலந்த மேடையில் நிறத்தைப் பிறகு திருத்த அந்த வேறுபாடுதான் இடம்தருகிறது. அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையில் சிவப்பு மட்டும் அளவுமீறி நுணுக்கம் இழப்பது வழக்கம் என்பதால், ஹிஸ்டோகிராமை (கேமரா காட்டும் வெளிச்சப் பரவல் வரைபடம்) நிறம் பிரித்துப் பாருங்கள். ஒரே கார்டு இடமுள்ள கேமராவாக இருந்தால், பெரிய கார்டு ஒன்றை நம்பாமல் 64 ஜிபி கார்டுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, வரவேற்பு முடிந்ததும் ஒன்றையும் முகூர்த்தம் முடிந்ததும் இன்னொன்றையும் மாற்றி, எடுத்ததைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

இனி, மேடையில் வேறொரு படக்கலைஞர் பொறுப்பில் இருக்கும்போது 50 மி.மீ. ஏன் மேல் என்று சொல்ல வேண்டும். அப்போது உங்களுக்கு மேடை தேவையில்லை, மண்டபம் முழுவதும் உங்களுடையது. மணமகள் அறையில் பூ வைத்துவிடும் பாட்டியின் கைகள், நாதஸ்வரக்காரரின் கன்னங்கள், முதல் வரிசையில் கண்கலங்கும் தாய்மாமன், பந்தியில் இலை போடும் பையன் ஆகிய படங்களை, மேடைக்கு முதுகு காட்ட முடியாத முதன்மைப் படக்கலைஞரால் எடுக்கவே முடியாது. ஏபிஎஸ்-சியில் 75 அல்லது 80 மி.மீ. போன்ற பார்வையைத் தரும் அந்தச் சிறிய லென்ஸ், யாரையும் நெருங்கிச் சங்கடப்படுத்தாமல் முகங்களைத் தனிப்படுத்திக் காட்டும். பிளாஷ் இல்லாததால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. 11 செ.மீ. ஆழம் இங்கே குறையன்று, நாற்காலிகளையும் மின்விசிறிகளையும் கரைத்துவிடும் வசதி. நிக்கான் டி3500, டி5600 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸில் ஆட்டோஃபோகஸ் இயங்காது. ஏஎஃப்-எஸ் என்று குறிக்கப்பட்டதை வாங்க வேண்டும்.

தை, வைகாசி, ஆவணி மாதங்களின் பெரிய முகூர்த்த நாட்களில் எல்லாக் கல்யாணங்களும் ஒரே நாளில் வருவதால், வாடகைக் கடைகளில் எஃப்/2.8 லென்ஸ்கள் முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும். தேதி தெரிந்த அன்றே பதிவுசெய்து, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பாகவே வாங்கி, வீட்டில் யாரையாவது 2 மீட்டரில் உட்காரவைத்து எல்லா முனையிலும் ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். லென்ஸ் கிடைக்காமல் போய்விட்டால் கிட் லென்ஸோடும் கூரையில் தெறிக்கவிட்ட பிளாஷோடும் வரவேற்பையும் குடும்பப் படங்களையும் குறையில்லாமல் முடித்துவிடலாம், ஏனெனில் இரண்டு வரிசை மனிதர்கள் தெளிவாக விழ அங்கே எஃப்/5.6 தானே வேண்டியிருக்கிறது. தாலி கட்டும்போது மட்டும் 55 மி.மீ. முனைக்குப் போகாமல் 18-க்கும் 24-க்கும் இடையிலேயே நின்று, அகலமாக எடுத்து, நெருக்கப் படத்தைப் பிறகு 24 மெகாபிக்சலிலிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.