தும்மலுக்கு எந்த மாத்திரை: அவிலா, செட்ரிசினா, ஃபெக்ஸோவா?

மெடிக்கல் ஷாப்பில் தும்மலுக்கு மாத்திரை கேட்டால், "தூக்கம் வர்றதா, வராததா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். "ராத்திரி போடத்தானே, தூக்கம் வந்தா நல்லதுதான்" என்று அவிலோ சிபிஎம்மோ வாங்கி வருபவர்கள் நிறையப் பேர். தூசி, மகரந்தம் என்று வருடக்கணக்கில் மூக்கோடு மல்லுக்கட்டும் எனக்கும் என் வீட்டாருக்கும் இவை எல்லாமே பழக்கம். அந்தத் தூக்கம் ராத்திரியோடு முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விலையும் வேகமும் அப்புறம்தான்.

அவில் என்பது ஃபெனிரமின். சிபிஎம் என்பது குளோர்ஃபெனிரமின். இலங்கையில் பிரிட்டோன் என்று கேட்டு வாங்குவார்கள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் மலிவு. தும்மலை நிறுத்துவதில் குறை சொல்ல முடியாது. தண்ணீராக ஒழுகும் மூக்கை, செட்ரிசின் போன்ற புது மாத்திரைகளைவிட நன்றாகவே உலர்த்தும் என்றுகூடச் சொல்வேன். அலர்ஜியின்போது தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பதோடு நிற்காமல் உடம்பின் சுரப்புகளையும் குறைத்துவிடுவதால் வரும் பலன் அது. நாக்கு வறள்வது, மலச்சிக்கல், ப்ராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வது எல்லாம் அதே குணத்தின் மறுபக்கம். சிலவகை கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கும் இவை ஆகாது.

தூக்கத்துக்குக் காரணம் வேறு. மூளைக்குள் ஹிஸ்டமினின் வேலை நம்மை விழிப்பாக வைத்திருப்பது. அவில், சிபிஎம் போன்ற பழைய மாத்திரைகள் சுலபமாக மூளைக்குள் போய் அந்த வேலையைக் கெடுத்துவிடும். அதுவும் சிபிஎம் பாதியளவு உடம்பைவிட்டுப் போகவே பெரியவர்களுக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி 10 மணிக்குப் போட்டது, காலை 9 மணிக்கு பைக்கை எடுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும். தையல் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண் ஒருவர், அவில் போட்ட மறுநாளைப் பற்றி, "தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கும்ணே, ஊசியில நூல் கோக்கவே எரிச்சலா வரும்" என்பார். தூக்கம் என்று அவர் சொல்வதில்லை, கவனியுங்கள். இந்த வகை மாத்திரை போட்டுவந்த எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறியபோது வயசாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மாத்திரையை மாற்றியதும் தடுமாற்றம் குறைந்தது.

"எனக்கு அவில் போட்டாலும் தூக்கமே வராது சார்" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களை நான் நம்புவதில்லை. அமெரிக்காவின் அயோவாவில், அலர்ஜி உள்ள 40 பேரை கார் சிமுலேட்டரில் ஓட்டவைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2000இல் வெளிவந்தது. பழைய வகையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமின் போட்டுக்கொண்டு ஓட்டியபோது, மது அருந்திவிட்டு ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். புது வகையான ஃபெக்ஸோஃபெனடின் போட்டபோது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தூக்கம் வருவதாக அவர்கள் சொன்ன அளவை வைத்து, யார் மோசமாக ஓட்டுவார்கள் என்று கணிக்க முடியவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. ஆட்டோ, லாரி ஓட்டுபவர்களும் மெஷினில் வேலை பார்ப்பவர்களும் இந்தப் பழைய வகையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

செட்ரிசின் நடுவில் நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் பிடிக்கும், ஒரு நாள் முழுக்கத் தாங்கும். தூக்கம் வராதது என்று கடையில் சொன்னாலும் முழுக்க அப்படி இல்லை. 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத் தூக்கக் கலக்கம். வெற்று மாத்திரைக்காரர்களில் அது 6 சதவீதம். அதே குடும்பத்து லெவோசெட்ரிசின் கொஞ்சம் தேவலாம் என்பார்கள், எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இரண்டுக்குமே அளவைக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தும் சிலருக்குக் கடுமையான அரிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025இல் எச்சரித்தது. அலர்ஜி திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி மாத்திரைக்கே ஓடுவது இதனாலும் இருக்கலாம்.

பகலில் வேலை பார்ப்பவர்களுக்கு என் ஓட்டு ஃபெக்ஸோஃபெனடினுக்குத்தான். கடையில் அலெக்ரா என்றால் தெரியும். டெர்ஃபெனடின் என்ற முந்தைய மருந்து இதயத் துடிப்பைக் குழப்பியதால் விலக்கப்பட்டது. அது உடம்புக்குள் போய் மாறும் வடிவத்தைத் தனியே எடுத்ததுதான் இது, அந்தத் தொல்லை இல்லாமல். மூளைக்குள் போவதும் மிகக் குறைவு. விலை கூடுதல் என்பது உண்மையான குறை. இன்னொன்று, இதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு எடுத்தால் குடல் உறிஞ்சுவது கணிசமாகக் குறையும். "அலெக்ரா எனக்குக் கேக்கவே இல்ல" என்பவர்களிடம் எதோடு போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அசிடிட்டிக்கு எடுக்கும் சில அலுமினிய, மெக்னீசிய மருந்துகளும் இதே வேலையைச் செய்யும்.

லெவோசெட்ரிசினோடு, ஆஸ்துமாவுக்கும் தரும் மாண்டெலுகாஸ்ட் என்ற வேறு வகை மருந்து சேர்ந்த மாத்திரையை இங்கே மிட்டாய் மாதிரி எழுதிக் கொடுக்கிறார்கள். மாண்டெலுகாஸ்ட் சிலருக்கு மனநிலையைப் பாதிக்கும் என்பதால் 2020இல் அமெரிக்காவில் அதற்குக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தார்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கடையில் கேட்டு நீங்களே தொடர்ந்து போடாதீர்கள்.

சளி மாத்திரைகளையும் இருமல் சிரப்புகளையும் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பலவற்றில் சிபிஎம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு அவிலும் போட்டால் தூக்கம் இரட்டிப்பு. சிபிஎம்மும் மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் போடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023இல் உத்தரவிட்டார்.

மூக்கடைப்புதான் உங்கள் முதல் தொல்லை என்றால் இதுவரை சொன்ன மாத்திரைகள் எதுவுமே பெரிதாக உதவாது. அதற்கு ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. உள்ளே போகும் அளவு சிறிது என்பதால் ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே மிரள வேண்டாம். முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும், அதற்குள் கைவிடுபவர்கள்தான் அதிகம். உடனே அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு. அதைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பும். ஸ்ப்ரேயை வலது கையில் பிடித்து இடது மூக்கிலும், இடது கையில் பிடித்து வலது மூக்கிலும் அடியுங்கள். முனை காதுப் பக்கம் பார்க்க வேண்டும். மூக்கின் நடுச்சுவரில் நேராக அடித்தால் ரத்தம் கசியும்.