கிட்னி மாற்று செய்தவர்களுக்கு கல்ச்சர் டெஸ்ட்: அஸ்தம்பட்டி லேப் ஒன்றின் சேவை எப்படி?

கிட்னி மாற்று செய்துகொண்டவருக்குக் காய்ச்சல் என்றால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. சேலம் அஸ்தம்பட்டி பக்கம் உள்ள இந்தத் தனியார் லேப், சாம்பிள் எடுப்பதில் நம்பிக்கையானது. கல்ச்சரில்தான், அதாவது சாம்பிளில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பதில்தான், ஒரு பெரிய ஓட்டை.

முதலில் நல்லது. ரத்த கல்ச்சருக்கு இரண்டு கையிலும் தனித்தனியாகக் குத்துகிறார்கள். பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. ரப்பர் மூடியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்த பிறகே ஊசி இறங்குகிறது. ஏற்காட்டில் வீட்டுக்கே வந்து எடுத்தால், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரவேண்டும். அதனால் சிறுநீர் ஐஸ் பெட்டியில், ரத்த கல்ச்சர் பாட்டில் வெளியே. பாட்டிலை ஐஸில் வைத்தால் சில கிருமிகள் செத்துவிடும் என்பது பையன்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாற்றிய கிட்னியை உடல் நிராகரிக்காமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்க வரும்போது, "காலை மாத்திரை போட்டுட்டீங்களாங்க?" என்று கேட்ட பிறகே கையைப் பிடிக்கிறார்கள். போட்டிருந்தால் எடுப்பதில்லை. அதுதான் சரி: முந்தைய டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து, அடுத்த டோஸுக்கு முன் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

இனி ஓட்டை. சளியோ சீழோ கொடுத்தால், 48 மணி நேரத்தில் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடுகிறது. கிருமியை வளர்க்கும் தட்டும் குப்பைக்குப் போய்விடுகிறது. சாதாரண நோயாளிக்கு அது போதும். கிட்னி மாற்று செய்தவர்களைத் தாக்கக்கூடிய நோகார்டியாவோ, மண்ணில் வாழும், மெதுவாக வளரும் பாக்டீரியா. சில நாளில் தலைகாட்டலாம், 2, 3 வாரமும் ஆகலாம். தட்டில் சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் வறண்ட வெள்ளைப் புள்ளிகள், அகார் என்ற வளர்ப்புக் கூழைக் கவ்விப் பிடித்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் போடும் கிராம் சாயத்தில் மணி கோத்தது போல விட்டுவிட்டு நிறமேறிய, கிளைவிடும் ஊதா நூலிழைகள். டிபி சாயத்தில், நிறத்தைக் கழுவும் அமிலத்தின் வலுவை 1 சதவீத சல்பூரிக் ஆக நீர்க்க வைத்தால்தான் இது சிவப்பைத் தக்கவைக்கும். அந்தச் சாயம் இங்கே உண்டு, கேட்டால்தான் போடுகிறார்கள்.

எனவே சீட்டில் டாக்டரைக் கொண்டு இப்படி எழுதி வாங்குங்கள்: 'கிட்னி மாற்று நோயாளி, நோகார்டியா சந்தேகம், தட்டை 3 வாரம் வைக்கவும்.' எழுதிக் கொடுத்தால் வைக்கிறார்கள். தொற்று வராமல் தடுக்கத் தினமும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை சாப்பிடுபவருக்கு நோகார்டியா வராது என்று விட்டுவிடாதீர்கள். தடுப்பு டோஸையும் மீறி வரும். நுரையீரலில் உறுதியானால், அது மூளைக்கும் பரவக்கூடும் என்பதால், தலைவலி இல்லாவிட்டாலும் மூளை ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று மெலியாய்டோசிஸ், மண்ணிலும் சேற்றிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியாவால் வரும் நோய். மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்தவர், சர்க்கரையும் இருப்பவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ரிப்போர்ட்டில் வெறும் 'சூடோமோனாஸ் இனம்' என்று இருந்து, ஜென்டமைசின், கொலிஸ்டின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் அந்தக் கிருமிக்கு வேலை செய்யாமல், கோ-அமாக்சிக்ளாவ் வேலை செய்கிறது என்றால் அது இந்தக் கிருமியாக இருக்கலாம். கிருமியின் பெயரைக் கண்டுபிடிக்கும் தானியங்கி மெஷினும் இதில் தடுமாறும். தட்டை எறியவிடாமல் உடனே போன் செய்து, பெரிய ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

திசு எடுத்தால் இரண்டு டப்பா: கல்ச்சருக்கு ஸ்டெரைல் சலைன், பயாப்ஸிக்கு ஃபார்மலின். ஃபார்மலினில் போட்ட துண்டில் எந்தக் கிருமியும் வளராது. கவுண்டரில் ஒரே டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள்.